ஒரே ஒரு தடவை கேட்டார்கள்

காபி வேண்டுமா என்று யாராவது கேட்டால் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மின்னசோட்டாவின் வடக்கே ஹாலெட் ஏரியைச் சுற்றிக் குடியிருக்கிறவர்கள் வீட்டில், குழந்தைகள் செருப்பு மாட்டப் பழகும்போதே இதையும் பழகிவிடும். இதில் ஒரு நுட்பமான இயக்கம் இருக்கிறது. கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தால்தான் பிடிபடும். முதல் தடவை கேட்பது மரியாதைக்கு. முதல் மறுப்பும் மரியாதைக்கு. இரண்டாம் தடவை கேட்கிறவர், கொடுக்க மெய்யாகவே மனம் இருக்கிறது என்று காட்டுகிறார். இரண்டாம் தடவை மறுக்கிறவர், சிரமம் கொடுக்க மனம் இல்லை என்று காட்டுகிறார். மூன்றாம் தடவை கேட்கும்போது கோப்பையில் காபி விழ ஆரம்பித்திருக்கும். "சரி, அரைக் கோப்பை போதும்" என்று வாங்கி, முழுக் கோப்பை குடித்துவிட்டுப் போவார்கள். கேட்டு வாங்கினார் என்ற பேச்சும் வராது, திணித்தார்கள் என்ற பேச்சும் வராது. இதைவிடச் சிக்கனமாக இரண்டு பேரின் மானத்தையும் காப்பாற்றுகிற இயந்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆர்னி லாக்கன் எழுபத்தெட்டு வயது வரைக்கும் இந்த இயந்திரத்தில் ஒரு பழுதும் கண்டதில்லை. அவர் பால் லாரி ஓட்டியவர். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றுவார். பண்ணைக்குப் பண்ணை சமையலறைக் கதவு திறக்கும், காபி வேண்டுமா என்பார்கள், இவர் வேண்டாம் என்பார், பிறகு குடிப்பார். இது போதாதென்று மனைவி மார்லிஸ் பச்சை நிறப் பிளாஸ்க் ஒன்றில் காபி ஊற்றிக் கொடுத்தனுப்புவாள். அதன் தோளில் ஒரு நசுங்கல் உண்டு. லாரி படியிலிருந்து விழுந்தபோது வந்தது.

மார்லிஸ் போய்ச் சேர்ந்த பிறகு, பக்கத்து வீட்டு லாய்ட் ஸ்கோக்லண்ட் காலையில் வருவார். அவரும் தனிக்கட்டை. மூன்று தடவை கேட்டு, இரண்டு தடவை மறுத்து, இருவரும் சமையலறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பார்கள். "காத்து திரும்பியிருக்கு" என்பார் ஒருவர். "ஆமா" என்பார் மற்றவர். அவ்வளவுதான் பேச்சு. அது போதுமானதாக இருந்தது.

ஒரு மார்ச் மாதம் தபால் பெட்டிக்குப் போகும் வழியில் ஆர்னி பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மயக்க மருந்து இறங்குகிற வேளையில் வயதானவர்களுக்கு வருகிற குழப்பம் அவருக்கும் வந்தது. நர்ஸை மார்லிஸ் என்று கூப்பிட்டார். லாரிச் சாவியைக் கேட்டார். இரண்டொரு நாளில் எல்லாம் தெளிந்துவிட்டது. ஆனால் குழப்பம் கணினியில் ஏறிவிட்டது. தெளிவு ஏறவில்லை. குழப்பத்துக்கு ஒரு கட்டம் இருந்தது, தெளிவுக்கு இல்லை.

இனி நடந்தது எப்படி நடந்தது என்பதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கட்டில் தேவை. கட்டிலைக் காலி செய்ய, ஆர்னியை முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்ற வேண்டும். மாற்ற அவருடைய சம்மதம் வேண்டும். குழப்பமுள்ளவரின் சம்மதம் செல்லாது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அப்படிப்பட்டவருக்குச் சட்டம் ஒரு காப்பாளரை நியமிக்கிறது. தனக்காகத் தீர்மானிக்க முடியாதவருக்காக அவர் தீர்மானிப்பார். நல்ல ஏற்பாடு. அதிலும் சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் ஒன்றும் செய்யக் கூடாது என்று சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது.

கேட்கவும் செய்தார்கள். நீதிமன்றத்திலிருந்து டேரன் என்ற இளைஞன் கையகலக் கணினியோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மிஸ்டர் லாக்கன், உங்க சார்பா பேச ஒரு வக்கீல் வேணுமா? இலவசம்தான், கவுன்ட்டி நிர்வாகமே ஏற்பாடு பண்ணும்."

வக்கீல் வேண்டும்தான். ஆர்னிக்கு அதில் சந்தேகமே இல்லை.

"அடடா, அதெல்லாம் எதுக்கு தம்பி. அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றார்.

டேரன் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டான். ஆர்னி காத்திருந்தார்.

"விசாரணைக்கு நேர்ல வர விரும்புறீங்களா?"

"நான் வேற வந்து எல்லாருக்கும் இடைஞ்சலா..."

டேரன் தொட்டான்.

"உங்களுக்குக் காப்பாளர் நியமிக்கிறதுல ஆட்சேபணை ஏதாவது?"

"ஆட்சேபணைன்னு பெருசா என்னத்தைச் சொல்ல. உங்க எல்லாருக்கும்தான் எவ்வளவு சிரமம்."

டேரன் தொட்டுவிட்டு எழுந்தான். "ரொம்பத் தங்கமான மனுஷர் நீங்க. இப்பப் பார்த்துட்டு வந்த ஆள் செருப்பைத் தூக்கி என் மேல எறிஞ்சார்."

ஆர்னி நம்பிக்கை இழக்கவில்லை. எங்கள் பக்கத்தில் உண்மையான பேச்சு வாசலில்தான் ஆரம்பிக்கும். டேரன் கதவுப் பிடியில் கை வைத்து நின்றான். இதோ இரண்டாம் தடவை என்று ஆர்னி தலையணையில் சற்று நிமிர்ந்தார்.

"கதவைச் சாத்தட்டுமா, திறந்து வைக்கட்டுமா?"

"எப்படி இருந்தாலும் சரி தம்பி."

சாத்திவிட்டுப் போனான். செருப்பு எறிந்தவருக்கு வக்கீல் கிடைத்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

காப்பாளராக வந்தவள் டேனா பெர்க். 'நிலைக்கரம்' என்ற காப்பாளர் நிறுவனத்தில் வேலை. சிரித்த முகம். அவளுடைய பொறுப்பில் ஆர்னியைப்போல ஒரு பள்ளிப் பேருந்து நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

"பயப்படாதீங்க மிஸ்டர் லாக்கன். உங்களுக்குப் பதிலா நான் தீர்மானிக்கப் போறதில்லை. உங்களுக்குத் தீர்மானிக்கிற திறன் இருந்திருந்தா நீங்க என்ன தீர்மானிச்சிருப்பீங்களோ, அதைத்தான் நான் தீர்மானிப்பேன். ஒவ்வொண்ணுக்கும் உங்களை வந்து தொந்தரவு பண்ணக்கூட வேண்டியிருக்காது, பாருங்க" என்றாள்.

டேனா வெளியூர்க்காரி அல்ல. அவளும் ஏரிக்கு அந்தக் கரையில் பிறந்தவள்தான். அவள் அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதற்குக்கூட மூன்று தடவை கேட்க வேண்டும். டேனா தன் வீட்டில் அப்படித்தான் கேட்கிறாள். ஆனால் அலுவலகக் கணினியில் ஒரு கேள்விக்கு ஒரு கட்டம்தான்.

பராமரிப்பு இல்லத்தில் ஆர்னியை வரவேற்று, ஏரியைப் பார்த்த அறை வேண்டுமா என்று கேட்டார்கள். எந்த அறையானாலும் சரி என்றார். சமையலறைப் புகைபோக்கியைப் பார்த்த அறை கிடைத்தது. காலையில் ஜோலீன் என்ற பணிப்பெண் தள்ளுவண்டியோடு வந்தாள்.

"காபி வேணுமா கண்ணு?"

"வேண்டாம்மா, இருக்கட்டும்."

வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டபடி அடுத்த அறைக்குப் போனது. ஆர்னி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் தாழ்வாரக் கோடி வரைக்கும் போய், திரும்பாமலே நின்றுவிட்டது. வாரக் கடைசியில், அவர் கதவில் தொங்கிய அட்டையில் 'காபி விரும்புவதில்லை' என்று ஏறியது. அதன் பிறகு வண்டி அவர் அறையில் நிற்பதே இல்லை. 'வெளியே உலாவ விரும்புவதில்லை' என்றும் ஏறியது. 'தொலைபேசி விரும்புவதில்லை' என்றும் ஏறியது. இப்படியாக ஆர்னியின் விருப்பங்கள் மிகுந்த அக்கறையோடு திரட்டப்பட்டன.

கோடையில் ஒருநாள் ஜோலீன் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்களைப் பார்க்க யாரோ ஒரு பெரியவர் வந்தாராம். தொப்பி போட்டவர்."

"லாய்ட்! எங்கே?"

"உங்க காப்பாளர் அனுமதி இருந்தாத்தான் உள்ள விட முடியும். கேட்டுப் பார்க்கட்டுமான்னு வரவேற்புல கேட்டாங்களாம். வேண்டாம், சிரமப்படாதீங்க, சும்மா இந்தப் பக்கமா வந்தேன்னுட்டுப் போயிட்டாராம்."

சும்மா இந்தப் பக்கமாக வர முடியாது. லாய்ட் வீட்டிலிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு இல்லத்துக்கு வர ஒரு மணி நேரமாவது ஓட்ட வேண்டும். ஆர்னிக்கு நடந்தது அப்படியே கண்ணில் தெரிந்தது. லாய்ட் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பியிருப்பார், பின்னாலிருந்து யாராவது கூப்பிட இடம் கொடுத்து. பிறகு தன் பிக்-அப் வண்டிக்குள் ஏறி, சாவியைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். ஒருவேளை இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாரோ என்னவோ. ஆர்னி ஊன்றி நடக்கிற சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். புகைபோக்கி தெரிந்தது.

இலையுதிர் காலத்தில் டேனா வந்தாள். "உங்க வீட்டுல சாமான்கள் எல்லாம் அப்படியே கிடக்கு. எங்க ஆட்களை விட்டு ஒழுங்கு பண்ணிடட்டுமா?"

வீட்டை யாராவது பெருக்கித் துடைத்து வைத்தால் நல்லதுதான் என்று ஆர்னிக்குத் தோன்றியது. ஆனால் உடனே ஒப்புக்கொள்வது அழகல்லவே. "அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு வீண் சிரமம்" என்றார்.

"சிரமமே இல்லை, எங்க வேலைதானே" என்று டேனா ஒரு கட்டத்தைத் தொட்டாள். மறுப்புக்குப் பதில் வந்ததால், முதல் தடவையாக இவள் தன்னை ஒரு மனிதனாக நடத்தியதுபோல் ஆர்னிக்கு இருந்தது.

குளிர்காலம் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு அமைப்பு மெல்ல விளங்கியது. இவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள், அவ்வளவுதான். அப்படியானால் அந்த ஒரு தடவையிலேயே ஆம் என்று சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை நீதிமன்றம் காப்பாளர் ஏற்பாட்டை மறுபடி பரிசீலிக்கும். அதற்கு நேரில் வருகிறீர்களா என்று டேரன் கேட்டபோது, கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு "வர்றேன்" என்றார். டேரன் விரல் ஒரு கணம் தயங்கியது. அந்தக் கட்டத்தை அவன் அதிகம் தொட்டதில்லை.

ஆர்னி பயிற்சியைத் தொடங்கினார். ஜன்னலுக்குக் கீழே இருந்த வெப்பக் குழாயை நீதிபதியாக வைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் லாக்கன், வீட்டுக்குப் போகணுமா?" என்று தானே கேட்டார்.

"ஆமா, உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லைன்னா" என்று வந்தது.

மறுபடி கேட்டார். "ஆமா, முடிஞ்சா" என்று வந்தது. சட்டையில்லாமல் சர்ச்சுக்குள் நுழைவதுபோல் உடம்பு கூசியது. பல வாரம் கழித்துத்தான் வெறும் "ஆமா" மட்டும் வந்தது. அதை உயிருள்ள ஒருவரிடம் சோதித்துப் பார்க்க எண்ணி, கிறீச் சத்தம் கேட்டதும் கதவருகே போய் நின்றார்.

"எனக்குக் காபி வேணும்!"

பழக்கமில்லாத வாக்கியம், குரல் அளவு தெரியாமல் பெரிதாக வந்துவிட்டது. ஜோலீன் கையிலிருந்த பால் சிந்தியது.

"பயமுறுத்திட்டீங்களே கண்ணு! உங்க அட்டையில காபி பிடிக்காதுன்னு இருக்கு. மாத்தணும்னா காப்பாளர் சொல்லணும். கேட்டுப் பார்க்கட்டுமா?"

"கேளு!"

ஜோலீன் அன்றைய குறிப்பில் உண்மையை உள்ளபடி சேர்த்தாள்: குரல் உயர்த்தினார், காபி கேட்டார்.

விசாரணைக்கு முன் டாக்டர் ப்ரூக்ஸ் வந்து அவருடைய மூளைத் தெளிவைப் பரிசோதித்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஆர்னி கழித்தார். கடிகாரம் வரையச் சொல்லி ஒரு முழுத்தாள் கொடுத்தார். நல்ல தாளை வீணாக்க மனமில்லாமல் ஆர்னி ஒரு மூலையில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கடிகாரம் வரைந்து, எண்கள், முட்கள் எல்லாம் சரியாகப் போட்டு, "மிச்சத்தை வேற யாருக்காவது கொடுக்கலாம்" என்றார். டாக்டர் அதை நெடுநேரம் பார்த்தார்.

விசாரணை நாளில் ஜோலீன் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள். ஆர்னியால் நடக்க முடியும். ஆனால் காக்கப்படுகிறவர்கள் நீதிமன்றத்துக்கு நாற்காலியில்தான் வர வேண்டும் என்பது இல்லத்தின் விதி. உள்ளே கடைசி வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, லாய்ட் உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்துக்கு வர யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதை அவர் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறார். ஆர்னி தலையசைத்தார். லாய்டும் அசைத்தார்.

நீதிபதி எக்லண்ட் வந்து அமர்ந்தார். குமாஸ்தா ஷேரன் ஒரு தட்டை நீட்டினாள்.

"எலுமிச்சை கேக் கொண்டுவந்தேன். ஒரு துண்டு எடுத்துக்கிறீங்களா?"

"வேண்டாம் ஷேரன், இப்பத்தான் சாப்பிட்டேன்."

"சின்னத் துண்டுதான்."

"மத்தவங்களுக்கு இருக்கட்டுமே."

"நிறைய இருக்கு. வீணாத்தான் போகும்."

"அப்படின்னா சரி, பாதி மட்டும்" என்று நீதிபதி முழுத் துண்டை எடுத்துக்கொண்டார்.

ஆர்னி இதை முன்வரிசையிலிருந்து பார்த்தார். ஆக, நீதிபதிக்கும் தெரியும். அவர் மனது லேசானது.

நீதிபதி விரலைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மிஸ்டர் லாக்கன், இந்தக் காப்பாளர் ஏற்பாடு தொடர்றதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

"இருக்கு. நான் வீட்டுக்குப் போகணும்."

ஆர்னி பொது இடத்தில் எதையோ அவிழ்த்துவிட்டதுபோல் ஷேரன் தலையைக் குனிந்துகொண்டாள். டேனாவின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

டாக்டர் ப்ரூக்ஸ் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, இதைத்தான் நான் பயந்தேன். ஒரு வருஷமா இவர் எதையுமே கேட்டதில்லை. எது கொடுத்தாலும் திருப்தி. அதுதான் இவரோட இயல்பு. கொஞ்ச நாளாத்தான் திடீர்னு 'வேணும்', 'போகணும்'னு ஆரம்பிச்சிருக்கார். பணிப்பெண்கிட்ட காபி கேட்டுக் கத்தியிருக்கார், அதுவும் காபியே பிடிக்காதவர். வயசான காலத்துல இப்படிக் கூச்சம் விட்டுப்போறது மூளை தேய்றதோட அடையாளம். அவர் வரைஞ்ச கடிகாரத்தைப் பாருங்க. உலகமே அவருக்குச் சுருங்கிப் போயிருக்கு."

பொத்தான் கடிகாரம் கைமாறிக் கைமாறி மேலே போனது. நீதிபதி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"மணி சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"அதுதான் இன்னும் வருத்தமானது" என்றார் டாக்டர்.

டேனா தன் அறிக்கையைச் சுருக்கமாகச் சொன்னாள். உடல்நலம் சீராக இருக்கிறது. இருப்பிடம் பாதுகாப்பாக இருக்கிறது. வீடு, காக்கப்படுகிறவரின் ஒப்புதலோடு, ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது.

நீதிபதி ஆர்னியைக் கனிவோடு பார்த்தார். "மிஸ்டர் லாக்கன், ஒருத்தரோட விருப்பத்தைக் கேக்காம இந்த நீதிமன்றம் எதையும் செய்யாது. உங்க விருப்பம் என்னன்னு எங்களுக்கு நல்லாவே தெரியும். வக்கீல் வேண்டாம், ஆட்சேபணை இல்லை, யாருக்கும் சிரமம் வேண்டாம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அந்த மிஸ்டர் லாக்கனை எனக்குப் பார்க்காமலே பிடிச்சிருக்கு. இன்னைக்கு நீங்க பேசுறது அவர் பேச்சுக்கு நேர்மாறா இருக்கு. உங்க ரெண்டு பேர்ல நான் யாரைக் காப்பாத்தணும்? தெளிவா இருந்தவரைத்தானே?"

"அது நான்தான்" என்றார் ஆர்னி.

"நிச்சயமா" என்றார் நீதிபதி, அன்போடு. "வேற யாராவது ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

கடைசி வரிசையில் லாய்ட் பாதி எழுந்தார். தொப்பியை ஒருமுறை கையில் சுற்றினார். "இல்லைங்க... பெருசா ஒண்ணும் இல்லை" என்றார். சொல்லிவிட்டு உட்காரவில்லை, பாதி எழுந்தபடியே நீதிபதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நன்றி. ஏற்பாடு தொடரும்" என்றார் நீதிபதி.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் இல்லத்தின் வேன் நின்றது. அதன் பக்கத்தில் லாய்ட் தன் பிக்-அப்பில் சாய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன ஆர்னி."

"என்ன லாய்ட்."

"காத்து இன்னைக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கு."

"ஆமா. நேத்து மோசம்."

ஜோலீன் நாற்காலியை ஏற்றும் தூக்குப் பலகையை வேனிலிருந்து இறக்கப் போனாள். லாய்ட் தன் வண்டிக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்க்கை எடுத்தார். பச்சை நிறம். தோளில் நசுங்கல்.

ஆர்னி அதையே பார்த்தார். "இது எப்படி உன்கிட்ட?"

"சர்ச்சுல பழைய சாமான் விற்பனை நடந்துச்சு. மேசை மேல கிடந்துச்சு." லாய்ட் பிளாஸ்க்கின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மார்லிஸோட நாற்காலி, கோட்டு எல்லாம் நான் போறதுக்குள்ளயே வித்துப் போயிடுச்சு. இதை மட்டும் எடுத்தேன்."

"அப்ப வீட்டுல...?"

"ஒண்ணும் இல்லை ஆர்னி. திரைச்சீலைகூட இல்லை. ரோட்டுல நின்னு பார்த்தா உன் முன் ஜன்னல் வழியா நுழைஞ்சு, சமையலறை ஜன்னல் வழியா வெளியே போய், நேரா ஏரி தெரியுது."

ஆர்னி ஏரி இருக்கும் திசையை நோக்கித் தலையைத் திருப்பினார். அங்கிருந்து நீதிமன்றச் சுவர்தான் தெரிந்தது. டேனாவிடம் வீண் சிரமம் என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவள் இரண்டாவது தடவை கேட்டிருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தார்.

"நான் அங்கே எழுந்து நின்னேன்" என்றார் லாய்ட்.

"பார்த்தேன்."

"அந்த ஆள் இன்னொரு தரம் கேட்டிருந்தா..."

"தெரியும் லாய்ட்."

லாய்ட் பிளாஸ்க்கைத் திறந்தார். ஆவி கிளம்பியது. "காபி குடிக்கிறியா?"

"வேண்டாம். உனக்குப் போற வழியில வேணுமே."

"நேரமாச்சு கண்ணு" என்று ஜோலீன் நாற்காலியைத் திருப்பிப் பலகையில் ஏற்றினாள். பலகை முனகிக்கொண்டு மேலே எழும்பியது. லாய்ட் கூடவே நடந்து வந்தார். ஆர்னியின் முகம் அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"சூடா இருக்கு ஆர்னி. கொஞ்சமாவது?"

"எதுக்கு உனக்குச் சிரமம்."

நாற்காலியை உள்ளே தள்ளிச் சக்கரங்களைப் பூட்டி, ஜோலீன் கதவை இழுத்துச் சாத்தினாள். ஜன்னலுக்கு வெளியே லாய்ட் பிளாஸ்க் மூடியில் காபியை ஊற்ற ஆரம்பித்திருந்தார். ஊற்றி முடித்து, மூடியைக் கண்ணாடி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, சத்தம் உள்ளே வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை.

"சரி, அரைக் கோப்பை போதும்" என்றார் ஆர்னி, கண்ணாடியிடம்.

ஜோலீன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "காபியா? உங்களுக்குத்தான் காபியே பிடிக்காதே கண்ணு" என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள்.